ஃபேக் ஐடிக்கு எதிராக எந்தக் கதவைத் தட்டுவது? கோலாலம்பூரில் உள்ள புகார் சேவைகள், ஒரு மதிப்பீடு

கோலாலம்பூரில் ஒருவர் இணையப் பகடிவதைக்கு ஆளானால் சுற்றியிருப்பவர்கள் உடனே சொல்வது இரண்டுதான்: "பிளாக் பண்ணிடு", "பாலாய்ல (போலீஸ் நிலையத்தில்) ரிப்போர்ட் போடு". இரண்டும் நல்ல யோசனைதான். ஆனால் முதலாவதை முதலில் செய்துவிட்டால் இரண்டாவதற்குக் கையில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். பதிவை நீக்கித் தருகிற சேவை வேறு, எழுதியவரைத் தேடிப் பிடிக்கிற சேவை வேறு. இந்த இரண்டுக்கும் ஒரே இடத்தில் புகார் கொடுத்துவிட்டதாக நினைத்துக் காத்திருப்பவர்கள்தான் அதிகம் ஏமாந்து போகிறார்கள். பதிவு நீங்கும்போது தடயமும் சேர்ந்தே போகிறது. ஆகவே வரிசை முக்கியம்.

எந்தச் சேவையையும் தொடும் முன் ஆதாரத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கமெண்டை மட்டும் வெட்டியெடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் என்ன இருக்கிறது? ஒரு பெயர், ஒரு வட்டப் படம், நாலு கெட்ட வார்த்தை. டிக்டாக்கில் பயனர் பெயரை 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். முகநூலிலும் பெயரை மாற்றலாம். நீங்கள் படம் பிடித்த பெயரில் அடுத்த மாதம் யாருமே இல்லாமல் போகலாம். பெயர் மாறினாலும் மாறாமல் நிற்பது டிக்டாக் வீடியோ இணைப்பில் வரும் நீண்ட எண்ணும், முகநூல் கணக்குக்குப் பின்னால் இருக்கும் அடையாள எண்ணும்தான். படத்தைவிட இணைப்புக்குத்தான் மதிப்பு.

ஒரு தாளிலோ எக்செல்லிலோ குறித்து வையுங்கள். ஒரு வரி இப்படி இருந்தால் போதும்: "2026 மார்ச் 12, வியாழன், இரவு 9.42. டிக்டாக். கணக்கின் பெயர், கணக்கின் இணைப்பு, வீடியோவின் இணைப்பு. எழுதிய வார்த்தை எழுத்து மாறாமல். முதலில் பார்த்தவர் யார். படக் கோப்பு எண் 07." இப்படி வரிவரியாக எழுதினால், மூன்று நாளில் 14 முறை வந்தது என்று கணக்குச் சொல்ல முடியும். "ஓயாமல் திட்டுகிறார்" என்பதற்கும் "14 முறை" என்பதற்கும் விசாரணை அதிகாரியின் மேசையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

படத்தை வெட்ட வேண்டாம், கோடு போட வேண்டாம், வட்டம் போட வேண்டாம். மேலே மணி தெரியட்டும். முழுத்திரையாக எடுத்து, கணக்கின் முகப்பையும் தனியாக ஒரு படம் எடுங்கள். இன்ஸ்டாகிராமில் அந்தக் கணக்கைப் பற்றிய விவரப் பகுதியைத் திறந்தால் அது எந்த மாதம் தொடங்கப்பட்டது என்பது தெரியும். போன வாரம் பிறந்த கணக்கு என்றால், உங்களைத் தாக்கவே அது தொடங்கப்பட்டிருக்கலாம் என்று காட்ட உதவும். எடுத்த படங்களைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும், கோப்பின் உள்விவரமும் அழிந்துபோகும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது உங்களுக்கே மின்னஞ்சல் செய்துகொள்ளுங்கள். குடும்பத்தில் ஒருவர் தன் கைப்பேசியில், தன் கணக்கில் அதே பதிவைத் திறந்து தானும் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. நாளைக்கு அவர் சாட்சி.

டிக்டாக் லைவ் தனிக்கதை. நம்மவர்களிடையே அதிகச் சேதம் நடக்கிற இடங்களில் அது ஒன்று, ஆதாரம் சட்டென்று கரைகிற இடமும் அதுதான். லைவ் முடிந்தபின் அதன் மறுபதிவு நடத்தியவரின் கையில் மட்டுமே இருக்கும். பேச்சுக்கு ஆளானவருக்குக் கிடைக்காது. ஆகவே நடந்துகொண்டிருக்கும்போதே கைப்பேசியின் திரைப்பதிவை இயக்குங்கள். ஒலி பதிவாகிறதா என்று ஐந்து நொடி சோதித்துப் பாருங்கள், ஊமைப் படமாகப் பதிவாவது அடிக்கடி நடக்கிறது. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே நடத்துபவரின் முகப்பைத் திறந்து காட்டிவிட்டு லைவுக்குத் திரும்புங்கள். பேச்சும் கணக்கும் ஒரே ஓட்டத்தில், நடுவில் வெட்டில்லாமல் வர வேண்டும்.

புலனத்தில் "ரிப்போர்ட்" அழுத்தினால் அந்த ஆள் கடைசியாக அனுப்பிய 5 செய்திகள் நிறுவனத்துக்குப் போகும். அதே பெட்டியில் பிளாக் செய்து அழிக்கும் தெரிவும் சேர்ந்தே இருப்பதால், அவசரத்தில் ஓகே அழுத்தினால் முழு உரையாடலும் உங்கள் கைப்பேசியிலிருந்து போய்விடும். முதலில் உரையாடலை ஏற்றுமதி செய்து, படம், குரல் பதிவு எல்லாம் சேர்த்து மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். பிறகு பிளாக் செய்யலாம்.

இனி சேவைகள். செயலிக்குள்ளேயே உள்ள ரிப்போர்ட் பொத்தானை அதிகம் நம்ப வேண்டாம், குறிப்பாகத் தமிழில் வரும் வசவுக்கு. ரோமன் எழுத்தில் எழுதப்படும் தமிழ் வசவை ஒருவர் ஒரு விதமாக எழுதுவார், இன்னொருவர் நடுவில் புள்ளி வைப்பார், மூன்றாமவர் எழுத்துக்குப் பதில் எண் போடுவார். இயந்திர வடிகட்டிக்கு அது வெறும் எழுத்துக் குவியல். பொத்தான் வேலை செய்வது குறிப்பான காரணம் காட்டும்போதுதான். உங்கள் படத்தைப் போட்டுப் போலிக் கணக்கு நடத்தினால் ஆள்மாறாட்டம் என்ற பிரிவு. தொலைபேசி எண், வீட்டு முகவரி போட்டால் அந்தரங்கத் தகவல் என்ற பிரிவு. இவை இரண்டும் ஓரளவுக்கு நகர்கின்றன. "துன்புறுத்தல்" என்று பொதுவாகத் தேர்ந்தெடுத்தால் விதிமீறல் இல்லை என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். நண்பர்கள் ஐம்பது பேர் சேர்ந்து ரிப்போர்ட் அடித்தால் சீக்கிரம் போகும் என்பதும் தவறு. எத்தனை பேர் அடித்தார்கள் என்பதை வைத்து முடிவெடுப்பதில்லை என்று முகநூல், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெத்தா நிறுவனமே சொல்கிறது. ஒன்று மட்டும் செய்யுங்கள்: பொத்தானை அழுத்தியபின் வரும் பதிலைப் படம் பிடித்து வையுங்கள். அடுத்த கதவில் அது தேவைப்படும்.

அந்த அடுத்த கதவு தொடர்பு பல்லூடக ஆணையம், எம்.சி.எம்.சி. சைபர்ஜெயாவில் தலைமையகம், இணையத்தில் புகார்ப் படிவம், தொலைபேசி 1800-188-030. பதிவை நீக்கக் கேட்பதற்கு இது நல்ல வழி. ஆணையம் தானே எதையும் அழிப்பதில்லை, தளத்திடம் கேட்கிறது. நீங்கள் ஏற்கெனவே தளத்திடம் முறையிட்டீர்களா என்பதையும் பார்க்கிறது. கணக்கின் பெயரை மட்டும் எழுதி "இவர் என்னைத் திட்டுகிறார்" என்று அனுப்பினால் புகார் அங்கேயே நிற்கும். ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனி இணைப்பு கொடுக்க வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2025 நடப்புக்கு வந்திருப்பதால், 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள பெரிய தளங்கள் புகார் வாங்கவும் பயனர்களுக்கு உதவவும் சட்டப்படி கடமைப்பட்டிருக்கின்றன. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் தனிப்பட்ட செய்திப் பரிமாற்றத்தை அந்தச் சட்டம் தொடுவதில்லை. புலனத்தில் தனிச் செய்தியாக வரும் தொல்லைக்கு இந்தச் சட்டம் உதவாது. இன்னொன்று, அந்த ஆள் யார் என்று ஆணையம் உங்களுக்குச் சொல்லாது. அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

அந்தரங்கப் படங்களை வெளியிடுவதாக மிரட்டினால் ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற இலவச சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். பிரிட்டனில் உள்ள ஓர் அமைப்பு 2021 டிசம்பர் முதல் நடத்துகிறது. உங்கள் படம் உங்கள் கைப்பேசியை விட்டு வெளியே போவதே இல்லை. படத்திலிருந்து ஒரு எண் முத்திரையை அங்கேயே உருவாக்கி, அந்த முத்திரை மட்டும் முகநூல், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற தளங்களுக்குப் போகிறது. அதே படத்தை யாராவது ஏற்ற முயன்றால் அங்கே சிக்கும். படத்தை வெட்டியோ மாற்றியோ ஏற்றினால் முத்திரை பொருந்தாமல் போகலாம், ஆகவே மிரட்டுபவர் கையில் இருக்கும் எல்லா வடிவங்களுக்கும் தனித்தனியாக முத்திரை எடுங்கள். புலனத்திலும் டெலிகிராமிலும் இது உதவாது. ஒரு வழக்கு எண்ணும் ஒரு பின் எண்ணும் தருவார்கள். பின் எண்ணைத் தொலைத்தால் மீட்டுத்தர வழியில்லை, அப்போதே தாளில் எழுதி வையுங்கள். இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். படத்தில் இருப்பவர் அதற்குக் கீழ் என்றால் ஆதாரத்துக்கென்றுகூட அந்தப் படத்தைச் சேமிக்கவோ யாருக்கும் அனுப்பவோ கூடாது. 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தில் அதுவே குற்றமாகிவிடும். இணைப்பையும் நேரத்தையும் மட்டும் எழுதிக்கொண்டு நேராகப் போலீசுக்குப் போங்கள். டி11 என்ற பெண்கள், சிறுவர் விசாரணைப் பிரிவைக் கேளுங்கள்.

போலீஸ் புகார்தான் எழுதியவரைப் பிடிக்கிற ஒரே முழுமையான வழி, அதிகக் குறைகள் உள்ள வழியும் அதுதான். 2024 ஜூலையில் டிக்டாக்கில் பிரபலமாக இருந்த ஈஷா இணையப் பகடிவதைக்கு ஆளாகி இறந்தபோது, அதற்கு முன்பே அவர் போலீசில் புகார் கொடுத்திருந்தார். அந்த வழக்கில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது 100 வெள்ளி (ரிங்கிட்) அபராதம். சிறு குற்றங்கள் சட்டத்தின் 14ஆம் பிரிவில் அன்று அதுதான் உச்சத் தண்டனை. இன்னொரு ஆடவருக்கு 12 மாதச் சிறை. அந்த 100 வெள்ளியை நம் சமூகம் இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு 2025 ஜூலை 11 முதல் புதிய பிரிவுகள் நடப்பில் உள்ளன. மிரட்டியோ இழிவுபடுத்தியோ வேண்டுமென்றே துன்புறுத்தினால் 507பி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவரின் முகவரி, எண் போன்ற அடையாள விவரங்களை வெளியிட்டால் 507இ. 507டி பிரிவின் கீழ் வரும் மிரட்டலால் ஒருவர் தன்னுயிரைப் போக்கிக்கொள்ள முயன்றாலோ இறந்தாலோ 10 ஆண்டு வரை. ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது 507ஏ, இது 2023 மே 31 முதல் உண்டு. குறைந்தது இரண்டு முறை நடந்திருக்க வேண்டும்.

இவற்றுக்கு முன்னாலேயே அதே வரிசையில் 507 என்ற பழைய பிரிவு ஒன்று இருக்கிறது, பலருக்கும் தெரியாதது. மொட்டைக் கடுதாசி காலத்துச் சட்டம். பெயரையோ இருப்பிடத்தையோ மறைத்து மிரட்டினால், மிரட்டலுக்கு உரிய தண்டனைக்கு மேல் இன்னும் 2 ஆண்டு வரை சிறை சேரும். ஃபேக் ஐடி வைத்திருப்பவர் அதைக் கேடயம் என்று நினைக்கிறார். மிரட்டிவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது கூடுதல் சுமை. தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவிலும் அடையாளத்தைக் காட்டினாலும் மறைத்தாலும் குற்றம் குற்றமே. 2025 திருத்தத்துக்குப் பிறகு 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

புகாரை எந்தப் பாலாயிலும் கொடுக்கலாம். பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பவர் செந்தூலில் கொடுத்தாலும் வாங்க வேண்டும். தட்டச்சு செய்பவர் மலாயில் எழுதுவார், படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். மலாய் சரளமாக வராதவர்களுக்குப் படித்து விளக்கச் சொல்லிக் கேட்க உரிமை உண்டு. பெரும்பாலான புகார்கள் சறுக்குவது இந்தக் கட்டத்தில்தான். "முகநூலில் ஒருவர் என்னைக் கேவலமாகத் திட்டுகிறார், நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் அதில் எந்தப் பிரிவும் பிடிபடாது. "மார்ச் 12 இரவு 9.42க்கு இந்தக் கணக்கிலிருந்து, என் வீட்டு முகவரியைப் போட்டு, இந்த வார்த்தைகளை எழுதினார். 14ஆம் தேதிக்குள் 14 முறை எழுதினார். நிறுத்தச் சொல்லி 13ஆம் தேதி செய்தி அனுப்பியும் நிறுத்தவில்லை. பயத்தால் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை" என்று எழுதினால் வார்த்தை, எண்ணிக்கை, நோக்கம், விளைவு நான்கும் வந்துவிடுகின்றன.

மொழிபெயர்ப்பை நீங்களே தயார் செய்துகொண்டு போங்கள். தமிழ் மிரட்டலைச் சொல்லுக்குச் சொல் மலாயில் போட்டால் நஞ்சு இறங்கிவிடும். "உன்னைச் செஞ்சிருவேன்" என்பதை அப்படியே மாற்றினால் ஏதோ ஒன்றைச் செய்வேன் என்று ஆகிறது. "வீட்டுக்கு ஆள் அனுப்பறேன்" என்பது மலாயில் விருந்தாளி அனுப்புவதுபோல ஒலிக்கும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சொல்லின் நேர்ப்பொருளும், அடுத்த பத்தியில் தமிழர்களிடையே அது எந்த அர்த்தத்தில் சொல்லப்படுகிறது என்பதும் இருக்கட்டும். சாதியை வைத்துச் சொன்ன சொல் என்றால் அதையும் விளக்குங்கள், அதிகாரிக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் முறையான மொழிபெயர்ப்பாளர் வருவார், ஆனால் விசாரணைத் தாள் அதுவரை போய்ச் சேர வேண்டுமே.

இரண்டு அச்சுப் பிரதிகள், எல்லாக் கோப்பும் அடங்கிய ஒரு பென் டிரைவ், உங்கள் மைகார்டு (அடையாள அட்டை). கைப்பேசியைத் தடயப் பொருளாக வாங்கிக்கொள்ள நேரலாம். முன்கூட்டியே எல்லாவற்றையும் வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டுப் போங்கள். வாங்கினால் ரசீது கேளுங்கள். வங்கிச் செயலி அந்தக் கைப்பேசியில் இருந்தால் என்ன செய்வது என்று அதற்கு முன்பே யோசித்து வையுங்கள்.

பெயரில்லாத ஆளை எப்படிப் பிடிக்கிறார்கள்? தளத்திடமிருந்து அந்தக் கணக்கு உள்நுழைந்த ஐ.பி. முகவரி (இணைய இணைப்பின் எண்), அந்த முகவரியை அந்த நேரத்தில் வைத்திருந்த தொலைத்தொடர்பு நிறுவனம், அங்கிருந்து சந்தாதாரர். இங்கே ப்ரீபெய்ட் சிம்மையும் அடையாள அட்டை காட்டித்தான் பதிய வேண்டும் என்பதால் சங்கிலி ஒரு பெயரில் போய் முடியும். சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு 2012 முதல், அந்த இணைப்பின் சொந்தக்காரரையே வெளியிட்டவராக முதலில் எடுத்துக்கொள்கிறது. தான் இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். சங்கிலி அறுவது சில இடங்களில்: ஐ.பி. முகவரியை மறைக்கும் விபிஎன், அடுத்தவர் பெயரில் வாங்கிய சிம், கடையின் பொது வைஃபை, வெளிநாட்டில் இருக்கும் ஆள். உள்நுழைவுப் பதிவுகளைத் தளங்கள் என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் புகார் கொடுத்தால் நடுவில் ஒரு கண்ணி ஏற்கெனவே காணாமல் போயிருக்கும். பல நேரங்களில் தொழில்நுட்பமே தேவைப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்துப்பிழை, சொல் பழக்கம், குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு சேதி, இவை ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகம் இருந்தால் அதைப் புகாரில் சொல்லுங்கள், ஆனால் இணையத்தில் பெயரைப் போட்டுவிடாதீர்கள். தவறாகப் போனால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும். சரியாகவே இருந்தாலும் அவர் கணக்கை அழித்துவிடுவார்.

இதற்காக எல்லோரும் மைகார்டு பெயரில்தான் எழுத வேண்டும் என்று சொல்வதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. சாதி மாறிக் காதலிப்பவர், வீட்டில் அடிவாங்கும் பெண், முதலாளியின் தவறைச் சொல்பவர், இவர்களுக்கெல்லாம் மறைபெயர்தான் பாதுகாப்பு. தென்கொரியா 2007இல் உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கிப் பார்த்தது. 2012இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றமே அதை ரத்து செய்தது. குற்றம் நடந்தபின் தேடினால் ஆள் கிடைக்க வேண்டும், அது போதும்.

தொல்லை பாலியல் சார்ந்ததாக இருந்து, ஆள் யார் என்றும் தெரிந்தால், பாலியல் தொல்லை தடுப்பு நடுவர் மன்றம் நல்ல தேர்வு. 2024 மார்ச் 8 முதல் இயங்குகிறது. பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை, விசாரணை மூடிய அறையில், முதல் அமர்விலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும், 2 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி வரை இழப்பீடு. பெயரில்லாத கணக்குக்கு எதிராக இதைப் பயன்படுத்த முடியாது என்பதுதான் பெரிய குறை. சிவில் வழக்குக்கு ஆறு ஆண்டு அவகாசம் உண்டு, நீதிமன்றம் வழியாகத் தளத்திடம் அடையாளத்தைக் கேட்கவும் வழி இருக்கிறது, ஆனால் செலவு சாதாரணக் குடும்பம் தாங்கக்கூடியதல்ல. இணையப் பாதுகாப்பு உதவிச் சேவையான சைபர்999 (1-300-88-2999) கணக்கு ஹேக் ஆனவர்களுக்குப் பொருத்தமானது, வசவுக்கு ஆலோசனை மட்டும் கிடைக்கும்.

இத்தனையும் செய்கிற தெம்பு முதல் இரவில் யாருக்கும் இருக்காது. தாளில் குறிக்கும் வேலையை அக்காவோ நண்பரோ செய்யட்டும், பாதிக்கப்பட்டவர் அந்தக் கமெண்டுகளை மீண்டும் மீண்டும் படிக்க வேண்டியதில்லை. பேச ஆள் வேண்டுமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும். அரசின் உதவி எண்ணான தாலியான் காசே 15999.

புகார் கொடுத்து நான்கு வாரம் ஆனபின் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்துமூலம் கேளுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு அதற்கு இடம் தருகிறது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்தால், கேட்ட இரண்டு வாரத்துக்குள் பாலாய் பதில் தர வேண்டும். வராவிட்டால் அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு முறையிடலாம். கடிதத்தில் புகார் எண், விசாரணை அதிகாரியின் பெயர், புகார் கொடுத்த தேதி மூன்றும் இருக்கட்டும். நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையைத் தேதியோடு வாங்கி வாருங்கள்.